காருக்குள் தேங்கிய ஐப்பசித் தண்ணீர்

கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வலங்கைமான் வழியாக மன்னார்குடிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். ஐப்பசி அடைமழை. நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் போட்டிருந்தது. முன்னால் நின்ற லாரியைப் பார்த்து பிரேக் பிடித்தபோது இடது பக்கக் காலடியில் ‘சளக்’ என்று ஒரு சத்தம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா காலைத் தூக்கிக்கொண்டார். வேட்டிக்கரை நனைந்திருந்தது.

செருப்போடு ஏறிவந்த மழைத்தண்ணீர் என்றுதான் அப்போது நினைத்தேன். வீட்டுக்கு வந்து மிதியடியை எடுத்துவிட்டு, கார்ப்பெட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். ஊற்று மாதிரி தண்ணீர் மேலே வந்தது. கார்ப்பெட் என்பது மேலே தெரியும் துணி மட்டும் இல்லை. அதன் அடியில் விரல் தடிமனுக்கு ஒரு பஞ்சுப் படுகை உண்டு. அது தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். மேல்துணி காய்ந்துவிட்டாலும் அடியில் வாரக்கணக்கில் ஈரம் இருக்கும். மூன்றாம் நாள் கதவைத் திறந்ததும் ஒரு வாடை வந்தது. புழுங்கலுக்கு நெல் ஊறவைத்து, தண்ணீர் மாற்றாமல் விட்ட தொட்டி வாடை.

அப்பாவுக்கு வீசிங் உண்டு. பூஞ்சை பிடித்த காரில் அவரை உட்காரவைக்க முடியாது. அதோடு கார்ப்பெட்டுக்கு அடியில்தான் பின்பக்கம் போகும் ஒயர்கள் ஓடுகின்றன. தகரம் துருப்பிடிப்பதும் அங்கேதான் தொடங்கும். அதனால் இதைத் தள்ளிப்போட மனம் வரவில்லை. என்னுடையது பத்து வருடம் ஓடிய சின்ன ஹேட்ச்பேக். இதற்கு முன் நான் கழற்றி மாட்டியது பேட்டரியும் ஏர் ஃபில்டரும்தான். அந்த அளவு கைப்பழக்கம் உள்ள யாரும் இந்த வேலையைச் செய்யலாம்.

முதலில் அது என்ன தண்ணீர் என்று தெரிய வேண்டும். ஒரு வெள்ளைத்துணியில் ஒற்றி எடுத்துப் பார்த்தேன். பச்சையோ சிவப்போ நிறம் தெரிந்து, விரலில் பிசுபிசுப்பும் ஒரு மாதிரித் தித்திப்பு வாசனையும் இருந்தால் அது எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட். டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் ஒழுகுகிறது என்று பொருள். அது வேறு வேலை, நல்ல மெக்கானிக்கிடம் போய்விட வேண்டும். கூலன்ட் விஷம் என்பதால் நாக்கில் மட்டும் வைத்துப் பார்த்துவிடாதீர்கள். என் துணியில் நிறமும் இல்லை, பிசுக்கும் இல்லை. வெறும் தண்ணீர். அப்படியானால் ஒன்று மழை, இல்லாவிட்டால் ஏசி.

இங்கேதான் குழப்பம். மழை பெய்தால் கண்ணாடியில் ஆவி படியும், ஆவியைப் போக்க நாம் ஏசி போடுவோம். இரண்டும் ஒரே நாளில் நடப்பதால் எந்தத் தண்ணீர் என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டம். ஏசியைச் சோதிப்பதுதான் சுலபம் என்று அதில் தொடங்கினேன். மழை இல்லாத ஒரு காலையில் சிமெண்ட் தரையில் காரை நிறுத்தி, ஏசியை முழுதாக வைத்து இருபது நிமிடம் ஓடவிட்டேன். நம் பக்கத்துக் காற்றில் இருக்கும் ஈரத்துக்கு, அதற்குள் காருக்கு அடியில் சொட்டுச் சொட்டாக விழுந்து ஒரு சிறு குட்டை தேங்கியிருக்க வேண்டும். தரை காய்ந்து கிடந்தது. குளோவ் பாக்ஸுக்குக் கீழே கையை விட்டால் ஈரம்.

ஏசியின் குளிர்ச்சுருள் குளோவ் பாக்ஸுக்குப் பின்னால் ஒரு பெட்டிக்குள் இருக்கிறது. அதில் படியும் தண்ணீர் கட்டைவிரல் பருமன் உள்ள ஒரு ரப்பர் குழாய் வழியாக எஞ்சின் பக்கம் வெளியேறும். என் காரில் பானெட்டைத் திறந்து, இடது ஓரமாகக் கையைக் கீழே விட்டால் அந்தக் குழாயின் வாய் தட்டுப்படும். வாயில் மண். விரலால் நோண்டினால் கெட்டியாக உதிர்ந்தது. குளவிக்கூடு! வயல் வரப்பில் சேறு எடுத்துவந்து ஜன்னல் ஓரத்திலும் ஸ்விட்ச் பெட்டியிலும் கட்டுமே, அதே குளவிதான் இங்கேயும் கட்டியிருக்கிறது. மண்ணை உதிர்த்து எடுத்துவிட்டு, சைக்கிள் பம்பின் குழாயை அதில் செருகி மெதுவாக நாலு தடவை அடித்தேன். உள்ளே தேங்கியிருந்த தண்ணீர் முழங்கை வழியாக வழிந்தது. இந்த இடத்தில் கம்பியை விட்டுக் குத்தக் கூடாது. கம்பி உள்ளே போய்ச் சுருளைக் குத்திவிட்டால் கேஸ் போய்விடும், செலவு ஆயிரக்கணக்கில் ஏறும். பஞ்சர் கடை கம்ப்ரஸர் காற்றையும் முழு வேகத்தில் விட வேண்டாம், உள்ளே இருக்கும் குழாய் இணைப்பு கழன்றுகொள்ளலாம்.

மறுபடி ஏசியை ஓடவிட்டேன். காருக்கு அடியில் அழகாகச் சொட்டியது. வேலை முடிந்தது என்று மிதியடியைப் போட்டு மூடிவிட்டேன்.

நான்கு நாள் கழித்து இரவு முழுக்க மழை. காரை எடுக்கவே இல்லை, ஏசியும் போடவில்லை. காலையில் கார்ப்பெட்டை அழுத்தினால் மறுபடியும் ஊற்று.

ஒரு ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய்க் காட்டினேன். “முன் கண்ணாடி பசை விட்டிருக்கும் சார், கழட்டி ஒட்டணும்” என்றார்கள். 6,500 ரூபாய் ஆகும், கண்ணாடி உடைந்தால் பொறுப்பில்லை என்றும் சொன்னார்கள். தண்ணீர் ஊற்றிப் பார்த்து அதைச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். பார்க்காமல் சொன்னதால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். வழியில் ஹார்டுவேர் கடையில் ஒரு சிலிக்கான் டியூப் வாங்கினேன். கண்ணாடி ஓரம் முழுக்க நானே பூசிவிடலாம் என்று எண்ணம்.

திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பா டியூபைப் பார்த்துவிட்டு, “எதுக்கு?” என்றார். சொன்னேன்.

“வடிகாலப் பாத்தியா?”

அவர் நாற்பது வருடம் பாமணி ஆற்றுப் பாசனத்தில் நெல் போட்டவர். வயலில் தண்ணீர் நின்றால் வரப்பை உயர்த்த ஓட மாட்டார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வடிகால் வாய்க்கு நடப்பார். அங்கே ஆகாயத்தாமரையோ காட்டாமணக்கோ அடைத்திருக்கும். வாய்க்கால் வழியாகத் தண்ணீர் வருவது எவ்வளவு முக்கியமோ, வடிகால் வழியாகப் போவதும் அவ்வளவு முக்கியம் என்பது டெல்டாவில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கார் விஷயத்தில் மட்டும் எனக்கு அது தோன்றவே இல்லை. கார் என்றால் தண்ணீரே புகாத டப்பா, புகுந்தால் எங்கோ ஓட்டை, ஓட்டையை அடைத்தால் போதும் என்று நினைத்திருந்தேன்.

அது தப்பு. காரின் உடம்பில் தண்ணீர் நுழைவதற்கென்றே பல இடங்கள் இருக்கின்றன. முன் கண்ணாடியில் விழும் மழையெல்லாம் வைப்பருக்குக் கீழே உள்ள கருப்புப் பிளாஸ்டிக் ஜல்லடை வழியாக ஒரு தகரத் தொட்டிக்குள் இறங்குகிறது. கௌல் என்று மெக்கானிக்குகள் சொல்வது அதைத்தான். தொட்டியின் இரு ஓரத்திலும் வடிகால் ஓட்டை உண்டு. தண்ணீர் அதன் வழியாக முன்சக்கரத்துக்குப் பின்னால் இறங்கிவிடும். கதவும் அப்படித்தான். கண்ணாடி ஏறி இறங்கும் இடுக்கு வழியாகத் தண்ணீர் கதவுக்குள் போகும், கதவின் அடி விளிம்பில் உள்ள ஓட்டைகளில் வெளியேறும். ஓட்டை இருப்பதால் அல்ல, இருக்க வேண்டிய ஓட்டை அடைத்துப்போவதால்தான் பல கார்களில் தண்ணீர் உள்ளே வருகிறது. அப்பா கேட்ட பிறகு டியூபை அலமாரியில் வைத்துவிட்டேன். இன்னொரு நல்லதும் நடந்தது. அந்த வகை சிலிக்கான் காயும்போது வினிகர் வாடை அடிக்கும். அந்த அமிலம் தகரத்தை அரிக்கும். காரில் அதைப் பூசவே கூடாது என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மழை வெறித்திருந்தது. அண்ணன் மகனையும் கூட வைத்துக்கொண்டேன். முதலில் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலை 10 ஆம் நம்பர் ஸ்பேனரால் கழற்றிவிட்டுப் பத்து நிமிடம் காத்திருந்தோம். சீட்டைக் கழற்றப் போகிறீர்கள் என்றால் இது கட்டாயம். சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிறக் கனெக்டர் இருந்தால் அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது. அதைப் பிடுங்கிவிட்டு சாவியைத் திருப்பினால் ஏர்பேக் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், ஸ்கேனர் போட்டுத்தான் அணைக்க முடியும். இடது முன் சீட்டின் நான்கு போல்ட்டையும் எடுத்து, சீட்டை வெளியே வைத்தோம். கதவுப்படியில் உள்ள பிளாஸ்டிக் பட்டையை மேல்நோக்கி இழுத்தால் கிளிப்புகள் விடும். கார்ப்பெட்டைத் தூக்கி மடித்துப் பஞ்சை வெளியே எடுத்துப் பிழிந்தோம். அரை வாளி தண்ணீர் வந்தது. தகரத் தரையைத் துடைத்துக் காயவைத்து, கோலமாவைச் சல்லடையில் சலித்து மெல்லிசாகத் தூவினேன். தண்ணீர் ஓடினால் மாவில் தடம் விழும். செலவில்லாத இந்த ஒரு காரியம்தான் எனக்கு அதிகம் உதவியது.

அடுத்து கௌல் தொட்டியை மூடியிருக்கும் ஜல்லடையைத் திறக்க வேண்டும். அதற்காக வைப்பர் கைகளை எடுப்பதற்கு முன் கண்ணாடியில் அவை நிற்கும் இடத்தில் டேப் ஒட்டி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். நட்டைக் கழற்றிய பிறகும் கை பற்றிக்கொண்டு வராது. துரு இளக்கும் எண்ணெய் விட்டுக் கால்மணி நேரம் பொறுத்து, மெல்ல ஆட்டினால் வரும். சுத்தியல் வேண்டாம். கௌல் பேனலின், அதாவது அந்த ஜல்லடையின், கிளிப்புகள் பழையதாக இருந்தால் நாலைந்து உடையத்தான் செய்யும், கடையில் ஒன்று பத்து பதினைந்து ரூபாய்தான்.

பேனலைத் தூக்கியதும் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். இடது ஓரத்தில் ஒரு குப்பைமேடே இருந்தது. எங்கள் வாசல் வேம்பின் இலை, பூ, கொட்டை எல்லாம் வருடக்கணக்கில் விழுந்து மக்கி, கறுப்பு எருவாகக் கிடந்தன. அதன் நடுவில் ஒரு வேப்பங்கொட்டை முளைத்து இரண்டு இலை விட்டிருந்தது. வெளிச்சம் தேடி ஜல்லடைப் பக்கம் சாய்ந்து நின்றது. பையன் அதை மண்ணோடு பெயர்த்து ஒரு டீ கப்பில் வைத்துக்கொண்டான்.

2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த இரவில் எங்கள் தெருத் தென்னைகள் எல்லாம் சாய்ந்தன. அந்த வேம்பு மட்டும் கிளை முறிந்து நின்றது. அதன் நிழலில்தான் அப்போதிலிருந்து கார் நிற்கிறது. மரத்தை வெட்டலாம் என்று பக்கத்து வீட்டில் யோசனை சொன்னார்கள். குப்பையை நான் அள்ளிக்கொள்கிறேன், மரம் இருக்கட்டும்.

அள்ளுவதற்கு முன், தண்ணீர் உண்மையில் இந்த வழியாகத்தான் உள்ளே போகிறதா என்று பார்த்துவிட வேண்டும். பையனை டார்ச்சோடு காருக்குள் படுக்கவைத்து, குளோவ் பாக்ஸைக் கழற்றி அண்ணாந்து பார்க்கச் சொன்னேன். நான் ஒரு சொம்பில் தண்ணீர் எடுத்து, தொட்டியின் இடது பக்கத்தில் மெதுவாக ஊற்றினேன். முதல் சொம்பு தேங்கி நின்றது. இரண்டாவதும் நின்றது. மூன்றாவது பாதியில், “சித்தப்பா, நிறுத்துங்க! ஃபேன் பெட்டிலேர்ந்து ஊத்துது” என்றான்.

விஷயம் புரிந்தது. வெளிக்காற்று காருக்குள் வரும் வாயும் அதே தொட்டிக்குள்தான் இருக்கிறது. அதைச் சுற்றி இரண்டு விரல் உயரத்துக்கு ஒரு வரப்பு மாதிரி கட்டியிருக்கிறார்கள். வடிகால் அடைத்ததும் தண்ணீர் மட்டம் ஏறி, அந்த வரப்பைத் தாண்டி, புளோயர் பெட்டி வழியாகக் காலடியில் இறங்குகிறது. தூறலுக்கு ஒன்றும் ஆகாமல் அடைமழைக்கு மட்டும் ஒழுகியது இதனால்தான். கண்ணாடிப் பசைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

குப்பையைக் கையாலும் பழைய கரண்டியாலும் அள்ளினோம். தண்ணீர் விட்டு உள்ளே தள்ளக் கூடாது, வடிகாலின் அடியில் போய் இன்னும் கெட்டியாக அடைத்துக்கொள்ளும். அள்ள முடிந்ததெல்லாம் அள்ளிய பிறகு, ஓட்டைக்குள் மெல்லிய நைலான் குழாயை விட்டுச் சுழற்றினேன். சட்டென்று முன்சக்கரத்துக்குப் பின்னால் கறுப்புத் தண்ணீர் கொட்டியது. மடை திறந்த சத்தம் அதேபடி கேட்டது. அப்பா திண்ணையிலிருந்து எழுந்து வந்து பார்த்தார். பிறகு ஒரு குடம் முழுவதையும் ஊற்றினேன். தேங்காமல் போய்விட்டது. உள்ளே வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டர் ஊறிக் கறுத்துக் கிடந்தது, அதைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிது மாட்டினேன். 280 ரூபாய்.

இத்தோடு மூடியிருந்தால் மறுபடி ஏமாந்திருப்பேன். முதல் தடவை பட்டதால் இந்தத் தடவை முழு மழைச் சோதனை செய்தேன். தோட்டத்துக் குழாயை எடுத்து, அழுத்தம் இல்லாமல் வழியவிட்டு, கீழிருந்து மேலாக நகர்ந்தேன். முதலில் கதவின் அடி, பிறகு கதவுக் கண்ணாடி, பிறகு முன் கண்ணாடி, கடைசியில் கூரை. ஒவ்வோர் இடத்திலும் ஐந்து நிமிடம். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடத்திலும் தண்ணீர் வழிந்து, எது உள்ளே விட்டது என்று சொல்ல முடியாமல் போகும். கார் கழுவும் பிரஷர் பம்பும் இதற்கு ஆகாது, மழை போகாத இடத்தில்கூட அது தண்ணீரைத் தள்ளும்.

பின் இடது கதவின் கண்ணாடிக்கு வந்தபோது, கோலமாவில் ஒரு கோடு விழுந்தது. பின்கதவுப் படியிலிருந்து கிளம்பி முன்பக்கம் ஓடி வந்தது. எங்கள் வீட்டு வாசல் தெருவை நோக்கிச் சரிவு. கார் முகத்தைத் தாழ்த்தி நிற்பதால் பின்கதவுத் தண்ணீரும் முன்காலடிக்கே வந்து சேர்ந்திருக்கிறது. இரண்டு மழைக் கசிவு, ஒரே குட்டை.

பின்கதவின் உள்பக்கத்தை மூடும் டோர் பேடைக் கழற்றினோம். கைப்பிடிக்குள் ஒரு ஸ்க்ரூ, அடியில் இரண்டு, மற்றதெல்லாம் கிளிப். உள்ளே கதவுத் தகரத்தின் மேல் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். கதவுக்குள் வழியும் தண்ணீர் இந்தப் பக்கம் வராமல் காப்பது அதுதான். மூன்று வருடத்துக்கு முன் ஒரு கடையில் ஸ்பீக்கர் போட்டோம். ஒயர் இழுக்க அந்தத் தாளைக் கிழித்திருக்கிறார்கள், திரும்ப ஒட்டவில்லை. அடிப்பகுதி மடிந்து வெளியே தொங்கியது. அதன் மேல் வழிந்த தண்ணீர் நேராகக் கதவுப்படிக்கு வந்திருக்கிறது. நல்ல பாட்டுக் கேட்கத்தான் போட்டோம், அப்போதே ஒரு நிமிடம் நின்று பார்த்திருந்தால் இவ்வளவு வராது.

பழைய பசையைச் சுரண்டி, ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, பியூட்டைல் டேப்பை விளிம்பு முழுக்க ஒட்டினேன். கறுப்பாக, களிமண் மாதிரி இழுபடும் டேப் அது, காய்ந்து இறுகாது. கிழிந்த இடத்துக்குத் தடித்த பாலிதீன் துண்டு. தாளின் அடி விளிம்பு தகரத்தின் உள்பக்கம், அதாவது வடிகால் ஓட்டை இருக்கும் பக்கம் விழ வேண்டும். இதை மாற்றி ஒட்டுவதும் ஒட்டாமலே விடுவதும் ஒன்றுதான். கதவின் அடி ஓட்டைகளையும் ஒரு ஈர்க்குச்சியால் குத்திவிட்டேன், புழுதி உதிர்ந்தது.

காயவைப்பதுதான் நாள் பிடித்தது. ஐப்பசியில் வெயிலை நம்ப முடியாது. பஞ்சைத் திண்ணைக் கொடியில் போட்டு, பெடஸ்டல் ஃபேனை இரவு பகலாக ஓடவிட்டோம். நான்கு நாள் ஆனது. பூஞ்சை வாடைக்கு வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்து துணியால் ஒற்றி எடுத்து, மறுநாள் சமையல் சோடா தூவித் தட்டினேன். வாசனை டப்பா வாங்கி மாட்டுவது வாடையை மறைக்கும், அவ்வளவுதான். தரையில் இரண்டு இடத்தில் துரு பொரிந்திருந்தது. கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, ரெட் ஆக்ஸைடு அடித்து, அது காய்ந்த பின் பெயின்ட். சீட் போல்ட்டுகளைத் திரும்ப மாட்டும்போது நான்கையும் கையால் நேராக இறக்கிவிட்டு, பிறகுதான் ஸ்பேனர் போட்டேன். உயிர் காக்கும் போல்ட் அது, அவசரம் கூடாது.

கிளிப், டேப், ஃபில்டர், பெயின்ட் எல்லாம் சேர்த்து 940 ரூபாய். இரண்டு ஞாயிற்றுக்கிழமை.

ஒன்று மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். தெருவில் வெள்ளம் ஏறி, கதவுப்படிக்கு மேல் தண்ணீர் புகுந்த காருக்கு இந்தக் கணக்கெல்லாம் பொருந்தாது. அதை ஸ்டார்ட் செய்து பார்க்கவே கூடாது. பேட்டரியைக் கழற்றிவிட்டு, இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும்.

கார்ப்பெட்டை மூடும் முன் பஞ்சுக்கு அடியில் அன்றைய செய்தித்தாள் ஒன்றை விரித்துவைத்தேன். அதன் பிறகு மூன்று பெருமழை வந்துபோனது. நேற்றுக் கையை விட்டு எடுத்துப் பார்த்தேன். தாள் மொடமொடவென்று இருந்தது, எழுத்துகூட மங்கவில்லை. அதையே திரும்ப உள்ளே வைத்துவிட்டேன். ஸ்பீக்கர் வலது பின்கதவிலும் போட்டிருக்கிறது. அடுத்து வெறிக்கும் நாளில் அந்த டோர் பேடையும் கழற்ற வேண்டும், பியூட்டைல் டேப் பாதிச் சுருள் மீதி இருக்கிறது.